தலைக்கு எந்த ஸ்கேன்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, பெட்டா?

பக்கவாதம் வந்தவரின் வீட்டார், "பெரிய ஸ்கேனாகவே எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பதுண்டு. பெரியது என்றால் காந்தம் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.; கட்டணமும் கூட, நேரமும் கூட. ஆனால் வாய் கோணி, கை துவண்டு வந்தவருக்குப் பெரும்பாலும் முதலில் எடுப்பது எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் சி.டி.தான். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதுதான் அப்போதைய கேள்வி. அடைப்பு என்றால் அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவு என்றால் அதே ஊசி எமன். புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளை வெளேரென்று தெரியும். சில நிமிட வேலை.

அடைப்பில்தான் சி.டி. தடுமாறும். முதல் சில மணி நேரம் படம் 'நார்மல்' என்றே வரலாம். அதை நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் திசுவுக்குள் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலோ பாதித்த இடம் சீக்கிரமே பளிச்சிடும். நன்றாகப் படுத்தவர் காலையில் கை விளங்காமல் எழுந்தால், எப்போது தாக்கியது என்று யாருக்குத் தெரியும்? டிஃப்யூஷனில் தெரிந்து, பாதிப்பு தெரியச் சில மணி நேரம் பிடிக்கும் ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னும் தெரியாவிட்டால் பாதிப்பு புதிது என்று கணித்து ஊசியைப் பற்றி யோசிக்கலாம். மூளைத்தண்டு, சிறுமூளைப் பக்கம் மட்டும் டிஃப்யூஷனும் முதல் நாளில் ஏமாற்றுவதுண்டு.

வலிப்புக்கு என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு, ஒரு விதிவிலக்கோடு. பன்றி நாடாப்புழுவால் மூளையில் வரும் நீர்க்கட்டி நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உயிருள்ள கட்டிக்குள் புழுவின் தலை சிறு புள்ளியாகத் தெரிவது எம்.ஆர்.ஐ.யில், புழு செத்துச் சுண்ணாம்பாக இறுகிய தழும்பைப் பளிச்சென்று காட்டுவது சி.டி. மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குப் போட்டியே கிடையாது, எம்.ஆர்.ஐ.தான்.

கதிர்வீச்சு பயம் பலருக்கு. தலை சி.டி. ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலேயே ஓராண்டில் ஏறக்குறைய அவ்வளவு வாங்கிக்கொள்கிறோம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை; ஆனால் பழைய வகை பேஸ்மேக்கரோ, கண்ணில் இரும்புத் துகளோ இருந்தால் அதன் காந்தத்தால் ஆபத்து. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெட் வேறு ரகம். மூளை எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று காட்டும். அதற்கு உடம்பில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால் எல்லா ஊரிலும் வைத்துக்கொள்ள முடியாது. அல்சைமர் சந்தேகத்தில், மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் அமிலாய்டு பெட் உதவும். ஆனால் நினைவாற்றல் நன்றாக இருக்கும் முதியவர்கள் சிலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். மறதியே இல்லாதவர் 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று அதை எடுத்துக்கொள்வது வீண் செலவு, வேண்டாத கலக்கம்.