பாசன வாய்க்கால்ல முறை வச்சு தண்ணி விடுறதா, விவசாயி கேட்கும்போது விடுறதா?

முறை வச்சு விடுறதுல கணக்கு சிம்பிள், 7 நாள் சுத்துன்னா 168 மணி நேரம், அதை நிலத்தோட அளவுக்கு பிரிச்சுட்டா யாருக்கு எப்போன்னு எல்லாருக்கும் தெரியும், வாய்க்கா கடைசில இருக்க கடைமடைக்காரங்களும் நம்பி நாத்து விடலாம். ஆனா பயிருக்கு வேணுமோ வேணாமோ முறை வந்தா பாய்ச்சியாகணும், நெல்லுக்கும் காய்கறிக்கும் ஒரே இடைவெளி சரிப்படாது.

கேட்கும்போது விடுறது பயிருக்கு நல்லதுதான், ஆனா வாய்க்கால்ல எப்பவும் தண்ணி நிக்கணும், ஷட்டர் எல்லாம் ஒழுங்கா இருக்கணும், அளந்து விட ஆள் வேணும். இது எதுவும் இல்லாம ஆரம்பிச்சா தலைமடைக்காரங்கதான் எடுப்பாங்க, கடைசில இருக்கவங்க வயிறு எரியும்.

பராமரிப்பை யாரும் யோசிக்கிறதே இல்ல, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். முறையில வாய்க்கா இடையில காயுறதால தூர் வாரவும் கரையை அடைக்கவும் டைம் கிடைக்குது, என்ன, மண் வாய்க்கா வெடிச்சிருந்தா முதல்ல வர்ற தண்ணிய மண்ணே குடிச்சிடும். எப்பவும் தண்ணி நிக்குற வாய்க்கால்ல ஓட்டம் மெதுவாகி வண்டல் படியும், களை மண்டும், இறங்கி வெட்டுறதும் கஷ்டம்.

மண் வாய்க்கா, ஆளும் கம்மின்னா முறைதாங்க சரி. ஷட்டரையும் அளவுமானியையும் சரி பண்ணிட்டு ஒரு கிளை வாய்க்கால்ல மட்டும் கேட்கும்போது விடுறதை ட்ரை பண்ணுங்க.