வயிற்றைத் தொட்டுப் பார்த்த கிளினிக்

ஏழு வயதில் எனக்கு டைப் 1 சர்க்கரை வந்தது, தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை. இப்போது 23. பதினெட்டு முடிந்ததும் குழந்தைகள் மருத்துவர் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே நான்கு வருடம் ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுப்பார்கள், "எட்டரை இருக்கே, சாப்பாட்டைக் குறை" என்பார்கள், அப்புறம் அடுத்த ஆள். வெளியே காத்திருக்கும் தாத்தாக்களோ, "இந்த வயசுலயா? ஸ்வீட் நிறைய சாப்பிட்டியா?" என்பார்கள்.

போன வருடம் இளைஞர்களுக்கென்றே நடக்கும் ஒரு கிளினிக்குக்கு மாறினேன். 25 வயது வரை பார்ப்பார்கள். முதல் நாள் நர்ஸ் என் சுகர் நோட்டைக் கேட்கவே இல்லை, சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு இடப்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்து, "தினமும் இங்கதானே குத்துற?" என்றார். ஆமாம், அங்கே வலிக்காது. வலிக்காததற்குக் காரணம், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருந்ததுதான். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் மந்தமாக ஏறும், இன்னொரு நாள் சட்டென்று ஏறும். என் சுகர் ஏன் தாறுமாறாக ஆடியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான்கு வருடத்தில் ஒருவர்கூட வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை!

குத்தும் இடத்தை மாற்றினால் இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் லோ ஆகும், அதாவது சுகர் ரொம்ப இறங்கிவிடும் என்றார் நர்ஸ். குறைத்தும் மூன்றாம் நாள் ராத்திரி சுகர் 58. சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஹெச்பிஏ1சி 7.4.

அங்கே டாக்டர் என் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். குடிப்பது உண்டா, வண்டி ஓட்டும் முன் சுகர் பார்க்கிறாயா என்றெல்லாம் திட்டாமல் கேட்டார். குடித்த ராத்திரி தூக்கத்திலேயே லோ ஆகலாம் என்பதை அவர் சொல்லித்தான் கேட்டேன். அம்மாவுக்குத்தான் கோபம். "ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உன் விரல்ல குத்திப் பார்த்தவ நான்" என்றார். அதுவும் நியாயம்தான்.

குறைகளும் உண்டு. வார நாளில் காலையில் மட்டும்தான் பார்க்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் லீவு போட வேண்டியிருக்கிறது. மனநல ஆலோசகர் மாதத்துக்கு ஒரே நாள்தான் வருகிறார். 25 ஆனதும் எங்கே போவது என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், "அப்போ பார்த்துக்கலாம்" என்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கடிதத்தோடு வெளியே வந்தவன் நான், அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.