எட்மன்டனில் எந்த வீடு? காரையும் சேர்த்து யோசியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு கனடாவில், எட்மன்டனில் வேலை. நவம்பரில் இருவரும் கிளம்புகிறார்கள். கைப்பேசியில் இரண்டு வாடகை வீடுகளின் படங்களைக் காட்டி, “அத்தை, நீங்க ஆறு வருஷம் இருந்த ஊராச்சே, எதை எடுக்கலாம்?” என்று கேட்டாள்.

ஒன்று, நான்காவது மாடியில் சிறிய அடுக்குமாடி வீடு. கட்டடத்துக்கே பொதுவான பாய்லர், சுவரோரக் குழாய்களில் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும், அந்தச் செலவு வாடகையிலேயே அடங்கும். கீழே சூடேற்றிய நிலத்தடிக் கார்நிறுத்தம். இன்னொன்று, இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழும் தனிவீட்டின் ஒரு பாதி. பெரிய சமையலறை, பின்னால் புல்வெளி, கீழ்த்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ். கார் வெளியே நிற்கும், பக்கத்தில் மின்சார பிளக் உண்டு. வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவளுக்கு இரண்டாவது பிடித்திருந்தது. நான் முதலாவதை எடு என்றேன். காரணங்களை அன்று அவசரமாகச் சொன்னேன், இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் 1989 பிப்ரவரியில் ஒருநாள் 19 டிகிரிக்கு இறங்கியது, அதுதான் இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. அதனால் கடுங்குளிர் என்றதும் நமக்கு உடம்புதான் நினைவுக்கு வருகிறது, நேரே கோட்டு வாங்கப் போகிறோம். மைனஸ் 35 டிகிரியில் முதலில் படுப்பது கார்.

மைனஸ் 18 டிகிரியிலேயே சாதாரண கார் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த நேரத்துக்குத்தான் பிளாக் ஹீட்டர் இருக்கிறது. எஞ்சினில் பொருத்திய சிறிய மின்சூடேற்றி அது, அதன் வயர் காரின் முன்பக்கம் தொங்கும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949ல் இதன் ஆரம்ப வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரவு முழுக்கச் சொருகி வைக்க வேண்டியதில்லை. 400 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 4 யூனிட், டைமர் வைத்துக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஓட விட்டால் 1.2 யூனிட், போதும்.

ஆனால் சொருகினால் மட்டும் போதாது. என் இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் காலை மைனஸ் 34. முதல்நாள் இரவே ஒழுங்காகச் சொருகியிருந்தேன். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே சத்தம். அந்த பிளக்கில் மின்சாரமே வரவில்லை. அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் அழுதுவிட்டேன். அதற்குப்பிறகு சின்ன இரவு விளக்கு ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டேன், முதலில் அதைச் சொருகிப் பார்ப்பேன், எரிந்தால்தான் காரின் வயர். எக்ஸ்டென்ஷன் வயரும் கடுங்குளிருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் புழங்கும் வயர் அந்தக் குளிரில் கம்பிபோல விறைத்து வெடிக்கும்.

வீட்டுக்குள் இருந்தே பட்டனை அழுத்தி காரைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர் இருந்தால் போதாதா என்று அண்ணன் மகள் கேட்டாள். உட்காரும் இடம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். எஞ்சின் அந்தக் கொடுங்குளிரிலேயேதான் கிளம்பியாக வேண்டும், பேட்டரி செத்துக் கிடந்தால் ரிமோட் என்ன செய்யும்? இரண்டில் ஒன்று என்றால் பிளாக் ஹீட்டர்தான்.

நிலத்தடிக் கார்நிறுத்தம் இந்தத் தலைவலி அத்தனையையும் ஒரே அடியில் தீர்த்துவிடும், வீட்டளவில். பனி சுரண்ட வேண்டாம், டயரில் காற்று அவ்வளவாக இறங்காது. ஆனால் மாப்பிள்ளையின் கார் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் திறந்தவெளியில் நிற்கப் போகிறது. அதனால் அங்கே பிளக் உண்டா என்று கேட்கச் சொன்னேன், கார் வாங்கும்போது பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சூடான கார்நிறுத்தத்துக்கு வேறு குறைகளும் உண்டு. பனி உருகிக் கதவு ரப்பரில் தங்கும் நீர், வெளியே போனதும் உறைந்து கதவை ஒட்டிவிடும். ரப்பரில் சிலிக்கோன் தடவினால் சரியாகும். சாலை உப்பும் கரைந்து அடியில் துருவேற்றும், அவ்வப்போது அடிப்பகுதியைக் கழுவ வேண்டும்.

எங்கே நிறுத்தினாலும் குளிர்கால டயர் வாங்கத்தான் வேண்டும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுகத் தொடங்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். எட்மன்டன் இருக்கும் ஆல்பர்ட்டாவில் சட்டமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பழைய கார் வாங்கினால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சரிபாதித் தண்ணீர் கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரைதான் தாங்கும்.

இனி வீட்டுக்குள். ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கி வீடெங்கும் ஊதும். சட்டென்று சூடேறும், எத்தனை டிகிரி என்பது உங்கள் கையில். ஆனால் கீழே தாளித்தால் மேல்மாடிப் படுக்கையறை வரை பெருங்காயம் மணக்கும். உள்ளே வரும் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதைச் சூடாக்கி ஊத ஊத மூக்கு வறண்டு ரத்தமே வரும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வளர்ந்த தோலுக்கு முதல் குளிர்காலத்தில் இதுதான் பெரிய வேதனை. ஈரமூட்டி வாங்கினால் சுமார் 30 சதவீதத்தில் நிறுத்துங்கள். கூட்டினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து உறைந்து, பூஞ்சை பிடிக்கும்.

சுடுநீர்க் குழாய்ச் சூடு மெதுவாக ஏறும், சத்தமில்லை, தூசியைக் கிளப்பாது. ஆனால் பாய்லர் கட்டட நிர்வாகத்தின் கையில். சில வீடுகளில் வெந்து, மைனஸ் 30ல் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. ஜன்னலடியில் ஓடும் குழாய் உறைந்து வெடித்தால் கீழ்வீட்டுக் கூரை வரை தண்ணீர் போகும்.

எனக்கு முடிவைத் தந்தது இன்னொரு கேள்வி: கரண்டு போனால்? கேஸ் ஃபர்னஸ் கேஸில்தானே ஓடுகிறது என்று நினைப்போம். அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும், பாய்லரின் பம்புக்கும் வேண்டும். 1998 ஜனவரியில் பனிமழை மின்கம்பிகளைச் சாய்த்தபோது, மின்சாரச் சூட்டையே நம்பியிருந்த கியூபெக் வீடுகள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 ஜனவரி 13 அன்று ஆல்பர்ட்டாவிலேயே மின்சாரம் பற்றாமல், உடனே பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லி எல்லார் கைப்பேசிக்கும் அவசரச் செய்தி வந்தது. சூடு நின்றால் நான்கு பக்கமும் அண்டை வீடுகள் உள்ள அடுக்குமாடி மெதுவாகத்தான் ஆறும். தனிவீடு சீக்கிரம் ஆறும், வெளிச்சுவரோரத் தண்ணீர்க் குழாய்கள் உறையும், வாசல் பனியையும் ஃபர்னஸின் வெளிக்குழாயை அடைக்கும் பனியையும் நீங்களேதான் அள்ள வேண்டும். முதல் வருடமே இதெல்லாம் வேண்டாம், இரண்டாம் வருடம் புல்வெளி வீட்டுக்குப் போகட்டும்.

துணி விஷயம் எளிது. உள்ளாடை அடுக்குகளை இங்கேயே வாங்கலாம், பருத்தி வேண்டாம், கம்பளி நல்லது. கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்குங்கள், இங்கே கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுலாவுக்கானவை. விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காத கையுறையே அதிகச் சூடு. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40ஐத் தொட்டால் மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையும்.

எந்த வீடானாலும், காருக்குள் ஒரு பை: போர்வை, சிறிய பனிமண்வெட்டி, தகர டப்பாவில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொஞ்சம் சாப்பாடு. ஊருக்கு வெளியே பனியில் சிக்கினால் இறங்கி நடக்கக் கூடாது, காரிலேயே இருக்க வேண்டும். புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றிவிட்டு, ஜன்னலைச் சிறிது இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டலாம். “பையை டிக்கியில் வெச்சிடறேன் அத்தை” என்றாள். வேண்டாம் கண்ணு, பின்சீட்டில் வை. டிக்கி உறைந்து திறக்காமல் போகும்.