வாய் நாற்றம்: மவுத்வாஷா, நாக்கு வழிப்பானா, பல் மருத்துவரா?

வாய் நாறுகிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் வாங்குவது மவுத்வாஷ். என் கணக்கில் அதற்கு மூன்றாம் இடம்தான்.

நாற்றம் பிறக்கும் இடத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அது வாயிலேயே பிறக்கிறது; வயிற்றைப் பழி சொல்வது பெரும்பாலும் தவறு. நாக்கின் மேற்பரப்பில் பின்பகுதி, பல் இடுக்கு, ஈறு விலகிய பள்ளம் ஆகிய காற்றுப் படாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. அவற்றில் ஒன்றான ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை வாடைக்குக் காரணம். உமிழ்நீர் இந்தக் கிருமிகளை ஓயாமல் கழுவிவிடும். தூக்கத்தில் அது குறைவதால் விடிந்ததும் எல்லாருக்கும் வாய் கொஞ்சம் நாறத்தான் செய்யும். அதை நோய் என்று எண்ணி வெட்கப்பட வேண்டாம்.

மவுத்வாஷ் எல்லாம் ஒன்றல்ல. வெறும் மணமூட்டி வாடையைச் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து கலந்தது கிருமியைக் கொல்லும். ஆனால் வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் ருசியும் மாறும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும். துத்தநாகம் கலந்தது கந்தக வாயுவைக் கட்டிப்போடும். மூன்றில் என் தேர்வு இதுதான். ஆனால் எதுவும் நாக்கில் தடித்துப் படிந்த மாவைக் கரைத்து எடுத்துவிடாது.

அந்த மாவை எடுக்க நாக்கு வழிப்பான் வேண்டும். பிரஷ்ஷைவிட இது ஒருபடி மேல், குமட்டலும் குறைவு. எட்டும் வரை பின்னால் வைத்து முன்னோக்கி மெதுவாக இழுங்கள். மூன்று, நான்கு இழுப்பு போதும், ரத்தம் வரும்படி சுரண்டக் கூடாது. படிவு திரும்பவும் சேரும் என்பதால் தினமும் செய்ய வேண்டும்.

பிரஷ் நுழையாத பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல். இடைவெளி அகலமாக இருந்தால் இடுக்குப் பிரஷ். நூலை எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். தன் வாய் வாடை தனக்குத் தெரியாது, நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நாறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ வீட்டு வைத்தியத்தை நீட்டிக்க வேண்டாம். பல்லில் இறுகிய காரையைப் பல் மருத்துவரின் கருவிதான் எடுக்கும். இந்த நிலையில் மற்ற எல்லாவற்றையும்விட முதலிடம் அவருக்குத்தான்.

சர்க்கரையில்லாத சூயிங்கம் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும். வாய் உலர்ந்தவர்களுக்கு உதவும். சில ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் வாயை உலர வைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பூண்டு வாடைக்கு மட்டும் இவை எதுவும் முழுதாகப் பலிக்காது. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருகிறது, தானாகத் தணிய வேண்டும்.

வாயில் பிறக்காத நாற்றமும் உண்டு. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் நாறி ஒழுகினால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் பழ வாடை அடித்து, வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.