அமோனியாவுக்குக் கட்டமே இல்லாத ஸ்ட்ரிப்

தொட்டித் தண்ணீரைச் சோதிக்க ஒரு சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டை நான் வாங்க நேர்ந்த கதை இது. போன நவம்பரில் எங்கள் வீட்டு ஆக்சலாட்டல் (செவுளோடு தண்ணீரிலேயே வாழும், பல்லி மாதிரியான நீர்நில உயிரி) மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பெயர் பஞ்சு, மகள் வைத்தது. மண்புழுவை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்து, வால்நுனி கொக்கி மாதிரி சுருண்டிருந்தது. தண்ணீரோ பளிங்கு. கடையில் தலையில் கட்டிய, தண்ணீரைச் சோதிக்கும் ஸ்ட்ரிப்பை நனைத்தால் ஆறு கட்டமும் நல்ல நிறம் காட்டின.

அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். பிஹெச், கடினத்தன்மை, காரத்தன்மை, நைட்ரைட், நைட்ரேட், குளோரின். பஞ்சுவின் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியா இல்லை! தொட்டிக்கு வயது இரண்டு வாரம். அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னும் வளரவே இல்லை. நைட்ரைட் பூஜ்ஜியம் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தது அதனால்தான். "ரெண்டு நாள் ஃபில்டர் ஓடினால் போதும் சார்" என்ற கடைக்காரரை இன்றும் மன்னிக்கவில்லை. எனக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆனது.

சரி, சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டுக்கு வருகிறேன். ஏழு குப்பி, நான்கு கண்ணாடிக் குழாய், ஒரு நிற அட்டை. ஸ்ட்ரிப்பைவிட மூன்று மடங்கு விலை, ஆனால் வருடக்கணக்கில் வரும். அமோனியாவுக்கு 5 மில்லி தண்ணீரில் இரண்டு குப்பியிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. என் குழாய் மூன்றாம் நிமிடத்திலேயே கிளிப்பச்சைக்குப் போனது. அட்டையில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு). இருக்க வேண்டியது 0. லண்டன் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஹெச் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும்.

பஞ்சுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். ஊரில் மாதிரி இரவே பிடித்துவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் நாங்கள் இருக்கும் டூட்டிங் பகுதிக் குழாயில் வருவது குளோரமின், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி. அது லேசில் ஆவியாகாது, அதை முறிக்கும் டீகுளோரினேட்டர் மருந்து விட்டே ஆக வேண்டும். கூடவே ஒரு வாதாங்கொட்டை இலை. எங்கள் பள்ளி மைதானத்தில் கூட்டிக் கொளுத்திய இலையை இங்கே பாக்கெட் போட்டு விற்கிறார்கள்! ஐந்தாம் நாள் ஒரு புழுவைக் கவ்வியது.

கிட்டிலும் குறை உண்டு. நைட்ரேட்டின் இரண்டாம் குப்பியை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் அடியில் மருந்து படிந்து, அளவைக் குறைத்துக் காட்டும். முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் ஏமாந்தேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் 0-க்கும் 0.25-க்கும் வித்தியாசம் தெரியாது. குளிர்காலத்தில் இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் ஞாயிறு காலையில் ஜன்னலோரம்தான் சோதனை. நைட்ரேட் 20-ஐத் தொட்டால் அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குளோரினும் கடினத்தன்மையும் இதில் பார்க்க முடியாது. அதற்கு மட்டும் மிச்சமிருக்கும் பத்தொன்பது ஸ்ட்ரிப்புகளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.