எம்6ஏ ஆன்டிபாடியோடு ஆறு வருடம்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். பயாப்ஸித் துணுக்குகளில் எம்6ஏ, அதாவது ஆர்என்ஏவில் மெத்தில் குறி ஏறிய அடினோசின் எழுத்து, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். "ஆறு வருஷமா அந்த ஆன்டிபாடி முறையைத்தானே வச்சிருக்க, நானும் வாங்கட்டுமா?" என்றாள். போனில் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2012-ல் வந்த முறை. ஆர்என்ஏவைச் சுமார் 100 எழுத்துத் துண்டுகளாக உடைத்து, மெத்தில் ஏறிய அடினோசின் உள்ள துண்டுகளை அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் இழுத்து, எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்புவோம். என் வேலை சுண்டெலி மூளையில். ஹைப்போதலாமஸிலிருந்து குத்தி எடுக்கும் துளியில் 800 நானோகிராம் மொத்த ஆர்என்ஏ தேறினால் அன்று நல்ல நாள். அதிலும் எம்ஆர்என்ஏ நூற்றில் ஒன்று முதல் ஐந்து பங்குதான். ஆன்டிபாடியைத் தாங்கும் பீட்ஸைக் குறைத்து, ஆன்டிபாடியைக் குறைத்து, கழுவுவதைக் கூட்டி அந்த அளவுக்கும் பழக்கிவிட்டேன்.

பழக்க முடியாதது லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த ஆன்டிபாடித் தொகுதி. அதே கேட்டலாக் எண், அதே லேபிள், ஆனால் குப்பிக்குள் இருப்பது வேறு ஆள். ஒவ்வொரு முறையும் மெத்தில் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கண்ட்ரோல் ஆர்என்ஏ சேர்ப்பேன். பழைய லாட்டில் மெத்தில் உள்ளது 20 மடங்கு அதிகமாகத் திரும்பி வந்தது. போன மார்ச்சில் வந்த லாட்டில் வெறும் 6. அது தெரிந்தபோது மூன்று எலிகளின் சாம்பிள் உள்ளே போய்விட்டது. கல்லீரலில் வேலை செய்பவர்கள் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்வார்கள். எனக்கு அந்தத் துளியோடு எல்லாம் முடிந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன். தரப் பரிசோதனையில் தேறிய லாட் என்று பதில் வந்தது. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சாம்பிள் எவ்வளவு குறைந்தாலும், நல்ல லாட்டாக இருந்தால், புரதச் செய்தி முடியும் ஸ்டாப் கோடான் பக்கத்தில், இழுத்த துண்டுகள் குவிந்து வரைபடத்தில் எழும் அந்த மேடு வந்துவிடுகிறது. எம்6ஏ அங்கேதான் குவியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் என் துளியிலிருந்து அந்தக் கோடு திரையில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் மனசு நிறைகிறது. ஆர்என்ஏ தொடங்கும் 5' முனையில் வரும் மேட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்த முனையை மூடும் கேப்புக்கு அடுத்து இருக்கும் எம்6ஏஎம் என்ற, எம்6ஏ போன்ற இன்னொரு மாற்றத்தையும் இந்த ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும்.

2022-ல் வந்த, ஆன்டிபாடி இல்லாத குளோரி என்ற ரசாயன முறையையும் இரண்டு முறை செய்து பார்த்தேன். கிளையாக்ஸால் குவானோசினைக் காக்கும். நைட்ரைட் மெத்தில் இல்லாத அடினோசினை இனோசின் ஆக்கும், அது ரீடில், அதாவது சீக்வென்சிங்கில் படித்த வரியில், ஜி என்று வரும். மெத்தில் உள்ளது ஏ-வாகவே நிற்கும். எந்த எழுத்து, எத்தனை சதவீதம் என்று துல்லியமாகச் சொல்கிறது. நான் பார்த்ததில் இதுதான் சிறந்த முறை, சந்தேகமே இல்லை. ஆனால் என் 800 நானோகிராம் அந்த ரசாயனத்தில் நொறுங்கிப் போனது. குறைவாக வெளிப்படும் ஜீன்களில் எண்ணிச் சொல்லும் அளவுக்கு ரீடே இல்லை.

அதனால் தோழிக்கு என் பதில்: வாங்காதே. பயாப்ஸி இரண்டாவது முறை கிடைக்காது, லாட்டை நம்பி அதை இறக்காதே.

நேற்று, பழைய லாட்டில் மிச்சமிருந்த நான்கு குப்பிகளையும் நானே வாங்கிவிட்டேன். ஐந்து ஐந்து மைக்ரோலிட்டராகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். இரண்டு டியூப் உனக்குத் தருகிறேன், முதலில் கண்ட்ரோலை மட்டும் ஓட்டிப் பார்.