நியூயார்க்கில் அமைதியாகச் சிற்பம் பார்க்க: மோமாவா, நொகுச்சியா?

மோமா என்கிற நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டம் மன்ஹாட்டனின் நட்டநடுவில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் வடிவமைத்தது, 1953இல் திறந்தார்கள். சலவைக்கல் தளம், நீர்த்தொட்டிகள், சுற்றிலும் வானுயர்ந்த கட்டடங்கள். பல சிற்பிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், போய்வருவதும் சுலபம். ஆனால் கூட்டம் அதிகம். ஒரு சிலை முன்னால் நிதானமாக நிற்பது கஷ்டம்.

நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குயின்ஸில் உள்ள நொகுச்சி அருங்காட்சியகம் அப்படியில்லை. சிற்பி இசாமு நொகுச்சி பழைய தொழிற்கூடம் ஒன்றைத் தானே மாற்றியமைத்து 1985இல் திறந்தார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தோட்டம் இருப்பதே தெரியாது. அங்கே 'கிணறு' என்றொரு பசால்ட் (எரிமலைப் பாறை) கல் சிற்பம் இருக்கிறது. மேலே தண்ணீர் ததும்பி, பக்கவாட்டில் மெல்லிய படலமாக வழிகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தண்ணீர் நகர்வதே தெரிகிறது. கல்லின் பளபளப்பும் சொரசொரப்பும் அதோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த ஒரு கல்லுக்காகவே அங்கே போகலாம்.

அவசரம் என்றால் மோமா. அரைநாள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நொகுச்சிதான். சப்வே ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், எல்லா நாளும் திறப்பதில்லை. கிழமை பார்த்துக் கிளம்புங்கள்.